அப்படி ஒரு குரூப் இல்லம்மா

சென்ற மே மாதம் அக்கா மகளைப் பதினோராம் வகுப்பில் சேர்ப்பதற்காக விருதுநகர் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். அறிவிப்புப் பலகையில் ஒரு ஏ4 தாள் ஒட்டியிருந்தார்கள். 440க்கு மேல் பயோ மேத்ஸ். 400க்கு மேல் கம்ப்யூட்டர் சயின்ஸ். 350க்கு மேல் ப்யூர் சயின்ஸ். 300க்கு மேல் காமர்ஸ். கடைசி வரியில் எண் எதுவும் இல்லை, 'ஹிஸ்டரி குரூப்' என்று மட்டும் இருந்தது. கல்யாண வீட்டில் ஆள் பார்த்துப் பந்தி பிரிப்பது மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். பந்தியிலாவது எல்லா இலைக்கும் ஒரே சோறு.

பாப்பா வாங்கியது 418. தமிழ் 92, ஆங்கிலம் 78, கணிதம் 81, அறிவியல் 70, சமூக அறிவியல் 97.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். மேசை விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "418ஆ? கம்ப்யூட்டர் சயின்ஸ் தந்துடலாம், கவலையே படாதீங்க" என்றார். பாப்பா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், ஹிஸ்டரியும் மேத்ஸும் சேர்த்து எடுக்க முடியுமா?"

அவர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை, குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அப்படி. "அப்படி ஒரு குரூப் இல்லம்மா" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "இவ்ளோ மார்க் வாங்கிட்டு யாராவது ஹிஸ்டரி எடுப்பாங்களா சார்? நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

*

இதை நாம் 'குரூப் எடுப்பது' என்று சொல்கிறோம். யாரும் எடுப்பதில்லை. கொடுக்கிறார்கள். ஐந்து பாட மதிப்பெண்களைக் கூட்டி, வந்த தொகையை ஒரு தாளோடு ஒப்பிட்டுக் கொடுக்கிறார்கள். அந்தக் கூட்டலில் உள்ள அபத்தத்தைக் கொஞ்சம் பாருங்கள். கணக்கில் 98 வாங்கி ஆங்கிலத்தில் 45 வாங்கிய பையனுக்கு மேற்கொண்டு கணக்குப் படிக்க இடம் கிடையாது. அவனைத் தடுத்தது அவனுடைய ஆங்கிலம். எல்லாப் பாடத்தையும் உருப்போட்டு எழுதி 450 தாண்டிய இன்னொரு பையனுக்கு, கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்கினாலும் பயோ மேத்ஸ்தான். "மார்க் இருக்குல்ல, எதுக்கு வேஸ்ட் பண்ணணும்?" என்று வீட்டில் கேட்பார்கள். மதிப்பெண் என்பது ரேஷன் கார்டு மாதிரி, அதற்கு உரிய பொருளை வாங்காமல் விடக்கூடாது.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயரே காட்டிக்கொடுக்கிறது. ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப், தேர்டு குரூப். அரசாங்கக் கோப்பில் அவை குறியீட்டு எண்களாக இருந்திருக்கலாம். ஊரில் அவை வரிசை எண்கள். விசேஷ வீட்டில் பெரியவர்கள் "என்ன குரூப்பும்மா?" என்று கேட்டால், பதிலை வைத்துப் பிள்ளையை எடைபோட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். பதினைந்து வயதில் முதுகில் ஒட்டிய அந்தச் சீட்டு கல்யாணப் பேச்சு வரைக்கும் உரியாது.

வரலாற்று குரூப்புக்கு இதில் கிடைத்திருப்பது வடிகால் வேலை. அந்த வகுப்பில் உட்காரும் நாற்பது பேரில் வரலாறு பிடித்து வந்தவர்கள் எத்தனை பேர்? மற்ற எதுவும் கிடைக்காமல் வந்தவர்கள் எத்தனை பேர்? ஆசிரியருக்கும் இது தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு பாடத்தைக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் அதைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்க வேண்டாம். தோற்றவர்களுக்கு மட்டும் அதைக் கொடுத்தால் போதும்.

*

இது எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று தேடிப் போனால் நம்மூர்க்காரர் ஒருவர் வந்து நிற்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியார். 1952–53இல் அவர் தலைமையில் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழு, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வார்ப்பு வேண்டாம், மேல் வகுப்பில் பல பிரிவுகள் இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. மானுடவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல் என்று ஏழு. எழுத்தராக மட்டுமே ஆகப் பழக்கும் பழைய படிப்பிலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவர வேண்டும் என்பது நோக்கம். கூடவே, எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று உட்கார்ந்து பேசப் பயிற்சி பெற்ற வழிகாட்டும் அலுவலர்கள் பள்ளிகளுக்கு வேண்டும் என்றும் அந்தக் குழு சொன்னது. பிரிவுகளைப் பிடித்துக்கொண்டோம். வழிகாட்டும் ஆளை விட்டுவிட்டோம்.

பிறகு 1964–66 கோத்தாரிக் குழு வந்தது. அவ்வளவு சின்ன வயதில் பிரிக்க வேண்டாம், பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் பொதுக் கல்வி, பிரிவு அதற்குப் பிறகுதான் என்றது. அந்த அடிப்படையில்தான் தமிழ்நாட்டில் 1978இல் பி.யு.சி. போய் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தது. ஆக, பிரிப்பதைத் தள்ளிப்போட்டதுதான் இந்த ஏற்பாட்டின் பெருமை. தள்ளிப்போட்ட அந்த முடிவை எப்படி எடுப்பது என்பதை மட்டும் ஓர் ஏ4 தாளிடம் விட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. நுழைவுத் தேர்வு 1984இல் வந்து 2006 சட்டத்தோடு போனது. சமச்சீர் வந்தது. நீட் வந்தது. 1200 மதிப்பெண் 600 ஆனது. பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தை அரைத்த பள்ளிகளைத் தடுக்க 2017–18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது, 2025இல் அதுவும் எடுக்கப்பட்டது. அந்தத் தாள் மட்டும் அப்படியே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுவதால், 15 வயதுப் பிள்ளை "எனக்கு இந்தப் பாடம் வேண்டும்" என்று சட்டப் புத்தகத்தைக் காட்டிக் கேட்கவும் முடியாது.

*

இதைப் பற்றிப் பேசினால் நமக்கு இரண்டு வகை ஆலோசனை கிடைக்கும். இரண்டுமே ஏமாற்று.

முதலாவது, மாமாக்களின் ஆலோசனை. "பயோ மேத்ஸ் எடுத்துடு, எல்லாக் கதவும் திறந்திருக்கும்." ஓரளவுக்கு உண்மை. ஒரு பக்கம் நீட், இன்னொரு பக்கம் பொறியியல். ஆனால் திறந்திருப்பது பிள்ளைக்கான கதவா, பெற்றோருக்கான கதவா? இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்று கொண்டு, காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் என்று இரண்டு வருடம் போகிறது. தனக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த வயது. அதற்கான நேரத்தையே எடுத்துக்கொண்டுவிட்டு, பிறகு எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிறோம்.

இரண்டாவது, செல்போனில் வரும் அண்ணன்களின் ஆலோசனை. "உனக்குப் பிடிச்சதைப் படி, ஊரு ஆயிரம் சொல்லும்." கேட்க நன்றாக இருக்கிறது. சொல்கிற அண்ணன் எந்தக் கதவு எப்போது சாத்தும் என்று சொல்வதில்லை. கணிதம் இல்லாத குரூப்பில் போய் உட்கார்ந்த பிள்ளைக்கு, பொறியியலும் கட்டடக் கலையும் போகட்டும், கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட் கிடையாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரம்கூடக் கிடையாது, அதற்கும் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் வேண்டும். பொருளாதாரம் 'ஆர்ட்ஸ்' என்று நம்பி ஆர்ட்ஸ் எடுத்த பிள்ளை, பொருளாதாரம் படிக்கப் போகும்போது வாசலிலேயே நிற்கிறது. உயிரியல் பக்கமாவது கொஞ்சம் இறங்கி வந்தார்கள். பன்னிரண்டில் உயிரியல் இல்லாதவர்கள் பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்று நீட் எழுதலாம் என்று 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. அந்த அறிவிப்பு எத்தனை பள்ளிகளின் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஆகவே கணிதம் கதவுகளைத் திறந்து வைக்கிறது என்று மாமாக்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. அவ்வளவு முக்கியமான சாவி என்றால், அதை ஏன் இயற்பியல், வேதியியல் என்ற இரண்டு பூட்டுகளோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறீர்கள்? கணிதம் வேண்டுமென்றால் ஆய்வகமும் வாங்கியே ஆக வேண்டும் என்பது, சர்க்கரை வேண்டுமென்றால் சோப்பும் வாங்கு என்று மளிகைக் கடைக்காரர் சொல்வது மாதிரிதானே?

*

பாப்பா ஏன் அந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டாள் என்று சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். வந்ததும் எனக்குப் போன் செய்தாள். "மாமா, கரித்துண்டை வச்சு வயசு கண்டுபிடிச்சாங்கன்னு சொன்னாங்க. அதெப்படி?" கார்பன் 14 பாதியாகக் குறைய ஏறத்தாழ 5730 ஆண்டுகள் ஆகும், மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம் என்று சொன்னேன். "சரியா பாதி இல்லாம நடுவுல இருந்தா?" என்றாள். அதற்கு மடக்கை வேண்டும். "அது எந்த வகுப்புல வரும்?" பிளஸ் ஒன்னில், மேத்ஸ் எடுத்தால், என்றேன்.

கீழடியின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை பின்னுக்குப் போனது இந்தக் கணக்கால்தான். அதை வைத்துத்தான் மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். பெருமை பேசும் அதே ஊரில், வரலாறும் கணக்கும் சேர்த்துப் படிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு அப்படி ஒரு குரூப் இல்லை.

இது ஏதோ விசித்திர ஆசை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். டி.டி. கோசாம்பி தொழில்முறைக் கணிதவியலாளர். பழைய முத்திரை நாணயங்களை எடைபோட்டு, அந்த எடைகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தார். 1956இல் அவர் எழுதிய இந்திய வரலாற்று அறிமுக நூல் இந்திய வரலாற்றெழுத்தையே திசை திருப்பியது. ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. சிந்து வெளி எழுத்துகளுக்குக் கணிப்பொறியின் துணையோடு தொடரடைவு தயாரித்து 1977இல் வெளியிட்டார். இருவரும் நம் மேல்நிலைப் பள்ளியில் சேர வந்திருந்தால் அந்தத் தாளைக் காட்டி, "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க தம்பி" என்றிருப்போம்.

எதிர்ப்பக்கத்தின் இழப்பு என் கதை. இருபது வருடத்துக்கு முன் மதிப்பெண் கொடுத்த கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் உட்கார்ந்தேன், பொறியியல் படித்தேன், வேலைக்குப் போனேன். முதல் வேலையே ஒரு வங்கியின் கணக்குப் பதிவேட்டுக்கு நிரல் எழுதுவது. வாடிக்கையாளர் பணம் போட்டால் வங்கியின் பேரேட்டில் அது பற்றா, வரவா என்று எனக்குத் தெரியாது. பணம் உள்ளேதானே வருகிறது என்று நானாக முடிவுசெய்து எழுதினேன். சோதனையில் எல்லாப் பதிவும் தலைகீழாக வந்தது. பி.காம். முடித்துவிட்டு டெஸ்டிங் பிரிவில் இருந்த நண்பர் டீ குடிக்கும்போது பத்து நிமிடத்தில் புரியவைத்தார். "நீங்க போட்ட பணம் உங்களுக்குச் சொத்து, பேங்குக்குக் கடன். அவன் உங்களுக்குத் திருப்பித் தரணும்ல, அதான் கிரெடிட்." பதினைந்து வயதில் கேட்டிருக்க வேண்டிய பாடம். அன்றைக்கு அது 'தேர்டு குரூப்' பாடம். அவர் சம்பளம் என் சம்பளத்தைவிடக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

*

"பேசுறது சுலபம் சார். ஆசிரியர் எங்கே, வகுப்பறை எங்கே?" என்பார்கள். நியாயமான கேள்வி. நான் கால அட்டவணைகளோடும் வரிசைகளோடும் மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிறவன், அதனால் பதில் சொல்கிறேன்.

அரசுப் பட்டியலில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. புள்ளியியல், அரசியல் அறிவியல், மனையியல், நுண்ணுயிரியல், சிறப்புத் தமிழ் என்று எல்லாவற்றுக்கும் புத்தகம் போட்டிருக்கிறார்கள். வணிகக் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த தனிப் புத்தகமே இருக்கிறது, அதற்கு ஆய்வகம் வேண்டாம். எல்லாப் பள்ளியிலும் எல்லாம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் ஆசிரியர்களை வைத்தே ஒன்று செய்யலாம். ஒவ்வொரு குரூப்பின் நான்காவது பாடத்தையும் ஒரே பாடவேளையில் வையுங்கள். உயிரியல், கணினி அறிவியல், வரலாறு, வணிகக் கணிதம் எல்லாம் காலை மூன்றாவது மணியில். அந்த மணி அடித்ததும் பிள்ளைகள் அவரவர் அறைக்கு எழுந்து போகட்டும். புது ஆசிரியர் வேண்டாம், புது அறை வேண்டாம். பாப்பா கணிதம், இயற்பியல், வேதியியலோடு வரலாறு படிப்பாள். வரலாற்று குரூப்பில் இருக்கும் பையன் பொருளியலோடு வணிகக் கணிதம் படிப்பான்.

இதனால் பொறியியல் கனவு கெட்டுவிடுமா? கெடாது. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையின் கட் ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நான்காவது பாடம் இந்தக் கூட்டலுக்குள் வருவதே இல்லை. அந்த இடத்தில் கணினி அறிவியலுக்குப் பதிலாக வரலாறு இருந்தால் கட் ஆஃபில் ஒரு மதிப்பெண்ணும் குறையாது. இவ்வளவு நாளாக அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. அதில் உட்காரப் பிள்ளைகளை நாம்தான் விடவில்லை.

இரண்டாவது, கூட்டுத்தொகையைத் தூக்குங்கள். கணிதத்துக்கு ஆள் எடுக்க வேண்டுமென்றால் கணித மதிப்பெண்ணைப் பாருங்கள். மூன்றாவது, எந்தப் பாடத்தை விட்டால் எந்தப் படிப்புக்குப் போக முடியாது என்று ஒரே ஒரு பக்கம் அச்சடித்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுங்கள். நான் முதல்வன், கல்லூரிக் கனவு என்று நல்ல காரியங்கள் நடக்கின்றன. ஆனால் கல்லூரிக் கனவில் பிள்ளையைப் பிடித்துப் பேசுவது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு. அதற்கு இரண்டு வருடம் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது.

வெளியிலும் பார்க்கலாம். பிள்ளைகளை எக்ஸ்பிரஸ், நார்மல் என்று ஓடைகளாகப் பிரித்து வைப்பதில் பேர்போன சிங்கப்பூரே, 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டது. ஒவ்வொரு பாடத்தையும் அதற்கேற்ற நிலையில் தனித்தனியாக எடுக்கலாம். மதிப்பெண்ணில் நம்மைவிட மோகம் குறைந்த ஊர் இல்லை அது.

"சரி, ஹிஸ்டரி படிச்சு என்ன கிழிக்கப் போறாங்க?" என்று கேட்பவர்களை மதுரையிலோ சென்னையிலோ ஏதாவது ஒரு டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போக ஆசை. இருபத்தைந்து, முப்பது வயதில் பி.இ. முடித்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையான வரலாற்றுப் புத்தகங்களை மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள். பதினைந்து வயதில் "இவ்ளோ மார்க் வாங்கிட்டு இதையா?" என்று தள்ளிவிட்ட அதே புத்தகம். வாழ்க்கையின் முதல் குரூப்புக்காக அதை விட்டார்கள், இப்போது குரூப் ஒன், குரூப் டூ, குரூப் ஃபோருக்காக அதை மனப்பாடம் செய்கிறார்கள்.

*

தலைமை ஆசிரியர் என்னைக் கேட்டாரே, "நீங்களே சொல்லுங்க" என்று. நான் சொன்னது இதுதான். "கம்ப்யூட்டர் சயின்ஸே போடுங்க சார்."

இவ்வளவும் அப்போதே தெரியும். ஆனால் அந்தப் பள்ளியின் வரலாற்று குரூப்பில் கணிதத்தின் நிழல்கூட இல்லை. வகுப்பில் யாரும் படிக்க வந்தவர்களாகத் தெரியவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுரை எழுதுவது வேறு, அக்கா மகளின் விண்ணப்பத்தில் கட்டத்தை நிரப்புவது வேறு. என்னைப் போலத்தான் மற்ற மாமாக்களும் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. இருக்கிற தாளில் நஷ்டம் குறைந்த வரியைத் தேடுகிறோம். ஒவ்வொரு மே மாதமும் லட்சக்கணக்கான வீடுகளில் இப்படித் தேடுவதால்தான் அந்தத் தாளுக்கு வயதாவதே இல்லை.

பாப்பா ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் கேட்டாள். "மாமா, ப்ளஸ் ஒன் ஹிஸ்டரி புக் மட்டும் தனியா விப்பாங்களா?"

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் உள்ளே திரும்பிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"யாருக்கு சார்? குரூப் டூவா, குரூப் ஃபோரா?"